அன்றைய விலை

மனே, கடிதம் என்றால் ஸலாமில் தொடங்கவேண்டும். சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள். நாளை மறுநாள் உனக்குக் காவின் எழுதிக் கலியாணம். அத்தர் பூசிவிடவும் தொப்பியைச் சரிசெய்துவிடவும் ஊரே வந்து நிற்கும், அந்த இரைச்சலில் உன்னிடம் நான் ஒன்றும் கதைக்க முடியாது. அதோடு உன் முகத்தைப் பார்த்துக் கதைத்தால் எனக்கு இரக்கம் வந்துவிடும். இந்த விஷயத்தில் இரக்கப்பட நான் விரும்பவில்லை. வணிகக் கல்வி படிப்பித்தே தலை நரைத்தவள் நான். பிழையான விடைக்குச் சிவப்புக் கோடு போடும்போது எந்தப் பிள்ளையின் முகத்தையும் நினைத்துப் பார்த்ததில்லை. இன்றைக்கு உனக்குப் போடுகிறேன். வாசித்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியாதே, மாப்பிள்ளைக்கு அது அழகில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, உன் தங்கச்சியின் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாய். அவள்தான் உனக்கு மீன் பொரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "மாமா தங்கமான மனிசன் உம்மா. எனக்கெண்டு மாடி வீடொண்டையே கட்டித் தாறாரு. நீங்க எனக்கு என்னத்தத் தந்தீங்க? இரிந்த எல்லாத்தையும் தங்கச்சிக்குத்தானே போட்டீங்க." தங்கச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. "சோத்தத் தின்னு" என்று மட்டும் சொன்னேன். நீ தின்றாய். இரண்டாம் தரம் சோறும் கேட்டு வாங்கித் தின்றாய்.

உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதம். நான் உனக்கு என்ன தந்தேன் என்றும், உன் மாமா, அதாவது என் கூடப்பிறந்த தம்பி, உனக்குத் தரும் அந்த மாடி வீட்டை யார் கட்டினார் என்றும் சொல்லப்போகிறேன். உனக்கு நோகும். நோகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் வாப்பாவிலிருந்து தொடங்கவேண்டும். அவர் கரண்ட் வேலைக்காரர். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு வயர் இழுத்தவர். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், எண்ணெயில் ஓடும் மின்நிலையம் ஒன்றைக் கட்டிய தனியார் கம்பனிக்குக் கூலி வேலைக்குத் தெற்குப் பக்கம் போனார். மாதக்கணக்கில் அங்கே கிடந்தார். வரும்போது எல்லாரும் சீத்தைத் துணியும் தொதல் இனிப்பும் கொண்டுவருவார்கள், இந்த மனிதர் அந்தக் கம்பனியின் பங்குகளை வாங்கிக்கொண்டு வந்தார். ஊர் சிரித்தது. உன் மாமா எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். "கல்முனையில சல்லி இரிந்தா மனிசன் வயல் வாங்குவான், இல்லாட்டிக் கடை வாங்குவான். கடதாசி வாங்கின ஆள இப்பதான் மச்சான் காணுறன்" என்றான்.

சிரித்தவர்களுக்குத் தோதாகப் பங்கின் விலையும் விழுந்தது. மின்சாரத்தை வாங்குகிற அரசாங்க மின்சார சபைக்காரர்கள் சொன்ன நேரத்துக்குச் சல்லி கொடுக்கவில்லை, எண்ணெய் விலை ஏறியது, நாட்டில் சண்டை. கொழும்பில் கோட்டுப் போட்டவர்களெல்லாம் மின்சாரக் கம்பனிப் பங்கைக் கண்டால் மூக்கைப் பொத்தினார்கள். உன் வாப்பா என்ன செய்தார் தெரியுமா? விழ விழ வாங்கினார். ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக. நான் சண்டை பிடித்தேன். பெண் பிள்ளை ஒன்று வளர்கிறதே, அதற்கு வீடு கட்டவேண்டாமா, கடதாசியைக் கொடுத்தா மாப்பிள்ளை எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதை நீ எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, உன் மண்டையில் ஏறினால் போதும். "இஞ்ச பாரு புள்ள. அந்த என்ஜினுகள நான் கையால தொட்டுப் பாத்தவன். எண்ணெய் விலை ஏறினா அதையும் வாங்குறவன்தான் கட்டணும், ஒப்பந்தம் அப்பிடி. அவன் சல்லி தராம ஓடுற ஆளில்ல, பிந்தித் தாற ஆள். பிந்துறது வேற, இல்லாமப் போறது வேற. சனம் ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சிப் பயந்து விக்கிது. அதுதான் நமக்குக் குறைஞ்ச விலை."

நான் நம்பவில்லை. நம்பாமல்தான் அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையை வாங்கி, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அதே மாதிரிக் கூட்டிக் கழித்தேன். என்ஜின்கள் இருக்கின்றன, காணி இருக்கிறது, வரவேண்டிய சல்லி இருக்கிறது. கடனை எல்லாம் கழித்து மிஞ்சியதைப் பார்த்தால், சந்தையில் முழுக் கம்பனியும் அதில் பாதி விலைக்குக் கிடந்தது. அன்றைக்கு நான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு விலை விழுந்தால் நானே அவருக்கு என் சம்பளத்தில் கொடுத்தேன். ஒரு பொருளின் விலை என்பது பயந்தவனும் ஆசைப்பட்டவனும் அன்றைக்குச் சேர்ந்து போடும் சத்தம். பெறுமதி வேறு, அது கத்துவதில்லை.

கடல் வந்த அன்றைக்குக் காலையில் உன் வாப்பா கடற்கரைத் தெருவில் ஒரு கலியாண வீட்டுக்கு மின்குமிழ் கட்டப் போனார். பாடசாலை விடுமுறை, நீ படுத்துக் கிடந்தாய். உன்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் பொறுத்து வாறன் வாப்பா" என்றாய். உன் சோம்பல்தான் உன் உயிரைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ், அதற்காக மட்டும் உன் சோம்பலை நான் ஏசுவதில்லை. நம் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியது. அவரை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். இடுப்பில் வயர் வெட்டும் குறடு அப்படியே செருகியிருந்ததாம். முகத்தை எனக்குக் காட்டவில்லை.

வயல் பக்கமாக இருந்த உன் மாமாவின் வீட்டில் எனக்கு இத்தா தொடங்கியது. நாலு மாதமும் பத்து நாளும் ஒரே அறை. அந்நிய ஆண்கள் என்னைப் பார்க்கக்கூடாது, நானும் வெளியே போகக்கூடாது. கூடப்பிறந்தவன் மட்டும் வரலாம், போகலாம், கட்டிலோரம் இருந்து கதைக்கலாம். ஆகவே என் உலகம் முழுக்க என் தம்பியின் வாய் வழியாகத்தான் உள்ளே வந்தது. நிவாரண அட்டை, பள்ளிவாசல் அரிசி, இருக்கிறவர் யார், மௌத்தானவர் யார், எல்லாம் அவன்தான். கொழும்புப் பங்குப் புரோக்கரின் அழைப்பும் அவனுடைய போனுக்குத்தான் வந்தது. அவன் குறை வைக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டான். அதை மறந்தால் நான் மனுஷி இல்லை.

ஆனால் ஊரில் கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர்ப் போத்தல் கிடைத்ததும் சனம் கேட்ட அடுத்த கேள்வி "கரண்ட் எப்ப வரும்?" என்பதுதான். பிள்ளையைப் புதைத்துவிட்டு என்னைப் பார்க்க வந்தவளும் அதைத்தான் கேட்டாள். இருட்டில் இருக்க யாருக்கும் மனமில்லை. என் மனிதர் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. இத்தாவில் இருப்பவளுக்குக் கதைக்க யார் இருக்கிறார்? அந்தக் கணக்கு முழுவதையும் என் தம்பிக்கு விளங்கப்படுத்தினேன். என்ஜின் இவ்வளவு, கடன் இவ்வளவு, ஒப்பந்தம் இத்தனை வருடம், ஏன் இந்த விலை பிழையான விலை. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், திருப்பித் திருப்பிக் கேள்வியும் கேட்டான். கடதாசி என்று சிரித்தவன் கேட்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நீயும் அதே அறையில்தான் இருந்தாய் மனே. மூலையில் ஒரு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாய். என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறந்த பாடம் அது. அதில் பாஸ் பண்ணியவன் என் தம்பி.

இத்தா முடிந்த மறுகா வாப்பாவின் சொத்தைப் பிரித்தார்கள். மார்க்கம் சொன்னபடி எனக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பங்குகளில் பாதிக்கும் மேல் உனக்கு வந்தது. நாங்கள் இரண்டு பெண்களும் சேர்ந்தாலும் உன் பங்குக்கு வராது. நீ பெரியவனாகி, உன் பெயரில் எல்லாம் பதிந்த நாளில் நான் உன்னிடம் ஒரேயொரு வார்த்தைதான் கேட்டேன். "விக்கிறதெண்டா எனக்கிட்டக் கேளு. கேக்காம வித்துராத." நீ "ஓம் உம்மா" என்றாய். உன் "ஓம்" எவ்வளவு பெறும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சண்டை திரும்பவும் தொடங்கியது. வடக்கில் குண்டு, கொழும்பில் குண்டு, சந்தை சரிந்தது. மின்சாரக் கம்பனிப் பங்கைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிற நிலைமை. நான் மட்டும் மாசத்துக்கு ஒருக்கா, கடையில் புடவை பார்க்கிற மாதிரி விலையைக் கேட்டு, இன்னும் இறங்கிவிட்டதா, நல்லது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அப்படி ஒரு பின்னேரம்தான் வாசலில் ஒரு புது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சிவப்பு நிறம். மேலே நீ.

"ஆர்ர பைக்கிது?"

"என்டதான் உம்மா."

"சல்லி எங்கால?"

நீ நிலத்தைப் பார்த்தாய். "வாப்பாட ஷெயார வித்துட்டன்."

"ஆருக்கு வித்தாய்?"

"மாமாக்கு. மாமாதான் செல்லிச்சி, அந்தக் கம்பனி வட்டிக்குக் கடன் எடுத்திரிக்காம். அத வெச்சிரிந்தா வாப்பாக்குக் கபுறுல வேதனையாம். அதான் உம்மா... வாப்பாக்காகத்தான்."

நீ அழுதாய். உண்மையாகத்தான் அழுதாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அழுதுகொண்டே பைக்கின் கண்ணாடியில் இருந்த தூசியைக் கையால் துடைத்தாய் பார், அதையும் நான் கண்டேன். வாப்பா மண்ணுக்குள் படும் கபுறு வேதனையைத் தீர்த்த சல்லியில் மகன் பைக் வாங்கியிருக்கிறான். நான் கேட்ட ஒரே கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். "வேதனையெண்டா மாமாக்கு என்ன? அவரு கபுறுக்குப் போகமாட்டாரா?" அந்தக் கேள்வி உனக்கு அந்த நிமிஷம்தான் வந்தது. இருபது வயது ஆண் பிள்ளைக்கு!

அடுத்த நாள் உன் மாமாவிடம் போனேன். அவன் கதிரை எடுத்துப் போட்டான், சோடா உடைத்தான். "அண்டைய விலை குடுத்தன் ராத்தா. பேப்பர்ல இரிந்த விலை. ஒரு சதம் குறைக்கல்ல" என்றான். உண்மை. நான் விசாரித்துப் பார்த்தேன், ஒரு சதமும் குறைக்கவில்லை. "வட்டி எண்டு புள்ளயப் பயங்காட்டித்தானே வாங்கினாய் தம்பி? அந்தப் பாவம் ஒனக்கு வேணாமா?" என்று கேட்டேன். சோடாவை என் பக்கம் தள்ளிவைத்து, கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னான்: "நான் பொறகு அல்லாட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபா செஞ்சிக்குவன் ராத்தா." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் இன்னொரு பக்கம் சிரிப்பும் வந்துவிட்டது. நான் படிப்பித்த பாடத்தை வரிக்கு வரி செய்து காட்டியிருக்கிறான். எல்லாரும் பயப்படும்போது வாங்கு என்று நான்தானே சொன்னேன். பயப்படும் ஆள் என் மகனாக இருந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுமில்லை. என் பங்கையும் தங்கச்சியின் பங்கையும் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பதற்குத்தான் மனே அதிக பலம் வேண்டும், உனக்கு அது ஒள்ளுப்பமும் கிடையாது.

யுத்தம் முடிந்த செய்தி வந்த நாளில் பஸாரில் வெடி கொளுத்தினார்கள். நம் பாடசாலையில் என்னோடு கணக்கியல் படிப்பித்த, காரைதீவிலிருந்து வரும் டீச்சர் அன்றைக்கு வந்திருந்தார். அவருடைய தம்பி வன்னியில். வெடிச் சத்தம் கேட்கக் கேட்க மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். "டீச்சர், ஒள்ளம் தண்ணி குடிங்க" என்றேன். "அவன் இரிக்கானா இல்லையா எண்டு ஆர்ட்டக் கேக்கிற டீச்சர்?" என்றார். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் என் கைப்பையில் போன் அதிர்ந்தது. புரோக்கர். எடுக்காமலே எனக்குத் தெரியும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று. சந்தை ஏறிக்கொண்டிருந்தது. பிந்தி வரும் என்று உன் வாப்பா சொன்ன சல்லி வந்துகொண்டிருந்தது, டீச்சரின் தம்பி பிந்தியும் வரவில்லை. விலை ஏறினால் அது எந்த வீட்டு வாசலை மிதித்துக்கொண்டு ஏறியது என்று பார்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஏறவிட்டேன். நான் நல்லவள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லைதானே.

அதற்கு அடுத்த வருடங்களில் ஊரில் தேத்தண்ணீர்க் கடைக்காரன்கூட மின்சாரக் கம்பனிப் பங்கு எங்கே வாங்கலாம் என்று கேட்டான். எல்லாரும் கேட்கும்போது நான் விற்றேன். உன் மாமாவும் அதே கிழமைதான் விற்றான், நல்ல மாணவன். என் பங்கிலும் தங்கச்சியின் பங்கிலும் வந்த சல்லியில், அவளுக்கு மாப்பிள்ளை எடுக்க, நீ இருந்து மீன் தின்ற அந்த வீட்டைக் கட்டினேன். உன் சல்லி ஒரு சதம் அதில் இல்லை. அவளுடைய வாப்பா அவளுக்கு விட்டுப்போனதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

ஒரு நாள் உன் மாமா கல்கண்டும் ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவும் கொண்டுவந்தான். உன் தங்கச்சி தேத்தண்ணீர் போட உள்ளே போனதும் சொன்னான்: "ராத்தா, ஒங்கட மகன்ட ஷெயார வித்த சல்லியிலதான் காணியொண்டு வாங்கி அத்திவாரம் போட்டிரிக்கன். என்ட மகள் றிஸ்னாக்கு வீடு. மாடி வெச்சிக் கட்டப்போறன்." மறைக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவான், அந்தக் கணக்கு விளங்கிய ஆள் ஊரில் நான் ஒருத்திதானே. நான் மஸ்கட்டில் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன்.

இப்போது விளங்குகிறதா? தங்கச்சியின் வீடு ஒரு தட்டு. உனக்கு வரும் வீடு மாடி. ஏன் தெரியுமா? உன் பங்கு பெரியது. மாமாவின் அரிசி ஆலையில் வந்த சல்லி என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் உன் வாப்பா குறடைப் பிடித்து உழைத்த சல்லி. கூரைக்கு ஏறி, கூரைக்கு ஏறி, முழங்கால் தேய்ந்து உனக்கென்று சேர்த்தது. அதை நீ ஒரு சிவப்பு பைக்குக்குக் கொடுத்தாய். அந்தப் பைக்கும் கிட்டங்கித் தாம்போதிப் பாதையில் தண்ணீருக்குள் விழுந்து இரும்புக்குப் போய்விட்டது.

அப்படியென்றால் இந்தக் கலியாணத்துக்கு ஏன் சம்மதித்தேன் என்று கேட்பாய். றிஸ்னா நல்ல பிள்ளை. என் தம்பி மகள், என் கண் முன்னால் வளர்ந்தவள், உன்னைக் கண்டால் அவளுக்கு முகம் மலர்கிறது, அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. அதோடு மனம் திறந்து சொல்கிறேன், உன் மாமா சம்பந்தம் கேட்டு வந்து, "மாப்பிள்ளைக்குக் கைக்கூலி எவ்வளவு வேணும் ராத்தா?" என்று கேட்டபோது, "ஒரு சதமும் வேணாம், அந்த வீடு போதும்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுக்கு விளங்கியது. என் மனிதரின் சல்லியில் கட்டிய கூரைக்குக் கீழே என் மனிதரின் மகன் படுப்பான், அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கே ஓடித் திரியும். எனக்கு வேறு வழியில் அது திரும்பி வராது.

இத்தனை வருடமும் உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வித்த ஷெயார் இப்ப என்ன விலை உம்மா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. விற்றவன் திரும்பிப் பார்ப்பதில்லை, அதில் ஒரு சுகம் இருக்கிறது. கடைசியில் நீ கேட்ட கேள்வி, நீங்க என்னத்தத் தந்தீங்க என்பது. உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை மனே. இந்த உலகத்தில் உன்னளவுக்கு எனக்கு யாரையும் பிடிக்காது. அந்த வெள்ளிக்கிழமை நீ போன பிறகு உன் கோப்பையை நான்தான் கழுவினேன், கழுவிக்கொண்டே அழுதேன். ஆனால் பிடிக்கும் என்பதற்காகப் பிழையான விடைக்குப் புள்ளி போட என்னால் முடியாது.

இனி நீ செய்யவேண்டியதைக் கேள். நாளை மறுநாள் காவின் முடிந்ததும் உன் மாமா எல்லாரும் பார்க்க அந்த வீட்டுக் கதவுத் திறப்பை உன் கையில் வைப்பான். "மருமகன், என்ட கையால கட்டின வீடு" என்று ஏதாவது சொல்லுவான், அவனுக்கு அப்படிச் சொல்லப் பிடிக்கும். சபையில் என்னைத் திரும்பிப் பார்க்காதே. சிரித்த முகத்தோடு வாங்கி, "ஜஸாக்கல்லாஹ் மாமா" என்று சொல். நன்றி சொல்வதில் பிழையில்லை, அன்றைய விலையை ஒரு சதம் குறைக்காமல் கொடுத்த மனிதன்.

வீட்டு உறுதி றிஸ்னாவின் பெயரில்தான் இருக்கிறது. நம் ஊரில் வீடு பெண்ணுடையது, ஆண் அங்கே போய் இருப்பவன், உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு நாள் உனக்கும் அவளுக்கும் சண்டை வரும். எல்லா வீட்டிலும் வரும். அவள் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், கோபம் வந்தால் நம் ஊர்ப் பெண்கள் சொல்லும் சொல் ஒன்று இருக்கிறது. கடலோரத்து வீட்டில் நானும் அதை உன் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "இது என்ட வாப்பா தந்த வீடு. இரிக்க ஏலாட்டி வெளியே போங்க." அன்றைக்கு இந்தக் கடிதம் உனக்கு ஞாபகம் வரும். வாய் வரைக்கும் வரும். நீ சொல்லக்கூடாது. சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லாமல் போய்விடும், வாப்பா இல்லாமல் போவது என்னவென்று உனக்குத் தெரியும். ஆகவே வாயை மூடிக்கொண்டு செருப்பைப் போடு. படலையைத் திறந்து வெளியே போ. தெருவில் நின்று, உன் வாப்பா உனக்குக் கட்டிய வீட்டைக் கொஞ்ச நேரம் பார். கோபம் ஆறியதும் அவளே வந்து கூப்பிடுவாள். கூப்பிட்டதும் உள்ளே போ.